பலகையில் விட்ட இடம்

குன்னூர்,
ஆகஸ்ட் 2001

அன்பு மகள் வாசுகிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மழையில் அவளுக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான். மெல்போர்ன் குளிர் உன்னை வாட்டாமல் இருக்கட்டும்.

ஏழைப் பிள்ளைகள் வண்டி ஓட்டப் பழகுவதைப் பற்றி ஆராய்வதாக எழுதியிருந்தாய். இங்கே நடப்பதைக் கேள், எழுதவே அருவருப்பாக இருக்கிறது. பச்சைத் தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் வேலை குறைந்ததும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகள் டிரைவராகப் போகலாமென்று கிளம்பினார்கள். அதைப் பார்த்து உன் ரவி மாமா டிரைவிங் ஸ்கூல் திறந்துவிட்டான். ஒரு பழைய ஜீப், அதில் ஆறேழு பிள்ளைகள், சமதளமான மைதானத்தில் ஆளுக்கு இரண்டு சுற்று. மலை இறக்கத்தில் வண்டியை எந்த கியரில் வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்லித்தரவில்லை. கேட்டதற்கு, ஏனுங்க மச்சான், ஜீப்பு மேடேறுனா டீசல் யாரு ஊத்தறது, ரோட்டுல போகப் போகத் தானாப் பழகிக்குவானுங்க என்று சிரித்தான். கூட்டல் தெரியாத பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்பினால் அவன் ஃபெயிலாவான், அதோடு போயிற்று. இது அப்படியா?

என்னிடம் படித்த சகாயம் நினைவிருக்கிறதா, சிலோனிலிருந்து வந்த தபித்தாள் மகன். லைசென்ஸ் கிடைத்த வாரமே காய்கறி வேனில் மேட்டுப்பாளையம் இறங்கினான். கியரைக் குறைக்கத் தெரியாமல் வழியெல்லாம் பிரேக்கை மட்டுமே மிதித்திருக்கிறான். பர்லியாருக்கு மேலே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போக, பள்ளத்தில் விழாமல் மண்மேட்டில் மோதி நிறுத்தினான். இடது கால் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், சேர், இது கிளட்சு மிதிக்கிற கால், இனி வேலை தருவாங்களா என்றுதான் கேட்டான். உன் மாமாவோ, எளவட்டத் திமிருங்க, வேகமாப் போயிருப்பான் என்று கடைவீதியெல்லாம் சொல்கிறான். நேற்று வர்க்கி வாங்கிக்கொண்டு வந்தான். நான் தொடவில்லை, உன் அம்மா மட்டும் தம்பியாயிற்றே என்று ஒன்றை டீயில் நனைத்தாள்.

வந்த காரியம் என்ன தெரியுமா, ஸ்கூலுக்குப் புதுப் பலகை எழுதுகிறானாம், ஆலோசகர் என்று உன் பெயரையும் ஆஸ்திரேலியாவையும் போட வேண்டுமாம். பெயின்டரிடம் சொல்லி இடம்கூட விட்டாயிற்று. உனக்குப் போன் செய்வான், மாமனுக்காகக் கண்ணு என்று குழைவான். அவன் தோளில் ஏறி மலர்க் கண்காட்சி பார்த்தவள் நீ, மறுக்கச் சங்கடப்படுவாய். மறுத்துவிடம்மா. உன் பெயரை நம்பி இன்னொரு தாய் தன் பிள்ளையை அந்த ஜீப்பில் ஏற்றிவிடுவாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், பலகையில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

உன் அப்பா,
மனோகரன்