அக்காவின் மாப் போத்தல்

வியாழன், 13 மார்ச்

காலை முதல் தூறல். நிரோ வந்து சேர்ந்தாள். அக்காவின் மகள், இருபத்தொரு வயது, நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். செவ்வாய் மத்தியானம் திரும்பிவிடுவாள்.

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தாள். கையில் வெறும் கோப்பிக் கோப்பை. "மாமா, இதை எங்கை போடுறது? பூபெல் எங்கை?" சிரிப்பை அடக்க முடியவில்லை. குப்பைத் தொட்டிக்கு நாங்கள் இங்கே பிரான்ஸில் சொல்கிற பிரெஞ்சுச் சொல். தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா இங்கே லா ஷப்பலில் என்னோடு எட்டு வருடம் இருந்துவிட்டு, கல்யாணம் கட்டி அமெரிக்கா போனவள். இதையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

சிரித்த கையோடு கண் நிறைந்துவிட்டது. அக்கா போய்ப் பத்து மாதம். எனக்குக் காலில் ஒப்பரேசன் நடந்த நேரம். செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை.

மனைவி ஜெசி போர்வை இரண்டு எடுத்து வைத்தாள். எபினேயில் எங்கள் வீட்டின் அந்தச் சின்ன அறை எப்போதும் குளிர்.

வெள்ளி, 14

ஹோட்டல் வேலை ஆறு முதல் இரண்டு வரை. காலைச் சாப்பாட்டுக்கு நாற்பது பேர். முழங்காலில் நோவு.

பின்னேரம் நிரோவோடு பேச்சு. பல்கலைக்கழகத்தில் நீளமான கட்டுரை ஒன்று எழுதுகிறாளாம். "அமெரிக்காவின்ரை கலாசாரம் தனி ஒண்டா, இல்லாட்டி ஐரோப்பாவின்ரை மிச்சமா? வகுப்பிலை ஒரே சண்டை மாமா."

"இதிலை என்ன சண்டை? எல்லாம் இஞ்சையிருந்து போனதுதானே. நாங்கள் சின்னக் கோப்பையிலை குடிக்கிற கோப்பியை நீங்கள் வாளியிலை குடிக்கிறியள். அவ்வளவுதான்."

சிரித்தாள். பிறகு, "அப்ப நான் ஆர்?" என்றாள். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டுச் சமாளித்தேன்.

பெட்டியிலிருந்து ஒரு ஜாம் போத்தல் எடுத்தாள். அடியில் இரண்டு விரல் அளவு மண்ணிற மா. "அம்மா கூழுக்குப் போடுறது. இவ்வளவுதான் மிச்சம். என்ன மா எண்டு தெரியேல்லை. பனங்கிழங்கு ஒடியல் மா வாங்கிச் செய்து பாத்தன், அந்த ருசி வரேல்லை. அம்மாட்டைக் கேட்டால், 'மாமாவும் நானும் கண்டுபிடிச்சது, அவனைக் கேள்' எண்டு சிரிப்பா. மாமா, ஒருக்கா செய்து காட்டுவியளா?"

முகர்ந்தேன். மிளகாய், சீரகம். மிச்சம் பிடிபடவில்லை. மாமா என்ற கெத்தில், "ஒடியல்தான் பிள்ளை, பழசாப் போச்சு" என்று அடித்துவிட்டேன்.

சனி, 15

வாங்கியவை: ஒடியல் மா, நண்டு, இறால், மீன் தலை, பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய்.

எல்லாம் லா ஷப்பல் தமிழ்க் கடைகளில், ரூ பெர்தொனேயிலும் பக்கத்திலும். நாங்கள் வந்த காலத்தில் இதில் பாதி கிடையாது. அக்காவோடு இதே தெருவில் முருங்கைக்காய் ஒன்றைக் கையில் வைத்து, மணந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்த நாள் ஞாபகம் வந்தது. என்ன விலை அப்போது!

கடை அண்ணையிடம் போத்தலைக் காட்டினோம். நாக்கில் வைத்துப் பார்த்தார். "தம்பி, இது ஒடியலும் இல்லை, அரிசியும் இல்லை. ஏதோ அமெரிக்கச் சாமான்."

நிரோ என்னைப் பார்த்தாள். நான் பயிற்றங்காயைப் பார்த்தேன்.

ஞாயிறு, 16

பூசை முடிந்து வந்து கூழ் காய்ச்சினேன். சும்மா சொல்லக்கூடாது, அருமை. ஜெசி இரண்டு கிண்ணம். நிரோ மூன்று கரண்டியோடு வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கு மாமா. ஆனால் அம்மான்ரை இல்லை."

எனக்கு ஏறிவிட்டது. "பிள்ளை, இதுதான் கூழ். கொம்மா செய்தது வேறை என்னவோ. அமெரிக்காவுக்குப் போய்ப் பழுதாக்கிப் போட்டா."

சொல்லியிருக்கக் கூடாது. போத்தலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஜெசி பாத்திரம் கழுவியபடியே, "செத்த மனுசியோடையும் உங்களுக்குப் போட்டியோ?" என்றாள். வெட்கமாக இருக்கிறது.

திங்கள், 17

நல்ல வெயில், ஆனால் குளிர்.

வேலையில் பத்தரைக்கு மேசை துடைத்து, கூடைகளில் மிஞ்சிய பாணை, இந்த நீட்டுப் பிரெஞ்சு ரொட்டியை, கறுப்புப் பைக்குள் தட்டிக்கொண்டிருந்தேன். நேற்றைய துண்டு ஒன்று, கல்லாகக் காய்ந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

பாண்!

அக்காவும் நானும் லா ஷப்பலுக்கு வந்த புதிது. ஆறாம் மாடி. ஒற்றை அறை, ஐந்து பேர். ஒடியல் மாவுக்கு எங்கே போவது? ஹோட்டலில் மிஞ்சிய பாணைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவேன். அக்கா அதை வெட்டி அறையைச் சூடாக்கும் ஷோபாஜ் கம்பியின் மேல் காயப் போடுவாள். அறையே பேக்கரி மாதிரி மணக்கும். அடுத்த நாள் மிளகாய், சீரகத்தோடு கறுக்க வறுத்து, வெறும் வைன் போத்தலை உருட்டி மாவாக்குவாள். "ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பாண் கூழ் எண்டு சிரிப்பினம்."

சொல்லவில்லை. ஜெசிக்குக்கூட. அக்கா அமெரிக்கா போன பிறகு ஒடியல் மா கடைக்கு வந்தது. நான் மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை. பழுதாக்கினது அமெரிக்கா இல்லை. இங்கே, நாங்கள் இரண்டு பேரும்தான்.

முதலாளியிடம் கேட்டு இரண்டு பாண் எடுத்தேன். "எப்படியும் பூபெலுக்குப் போறதுதானே" என்றார்.

வீட்டில் அடுப்பில் காயவைத்து, நான் வறுக்க நிரோ போத்தல் உருட்டினாள். நேற்று மிஞ்சிய நண்டும் மீனும். மா போட்டதும் கூழ் தடித்தது. அகப்பையில் எடுத்து நக்கிப் பார்த்தாள். அகப்பையைப் பிடித்தபடி அழுதாள். நானும்தான்.

"இதுதான் மாமா. பாணா?"

"பாண்தான்."

"அப்ப இது யாழ்ப்பாணம் இல்லை."

"இல்லை."

"பிரான்ஸும் இல்லை."

"ஒரு பிரெஞ்சுக்காரனுக்குக் குடுத்துப் பார், ஓடிப்போவான்."

"பின்னை இது ஆற்றை கூழ்?"

"கொம்மான்ரை. நேற்று நான் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதை பிள்ளை."

தோளில் சாய்ந்தாள். மிஞ்சிய மாவைப் போத்தலில் போட்டாள். கழுவவில்லை, குலுக்கவும் இல்லை. அக்காவின் மா அடியிலேயே இருந்தது.

செவ்வாய், 18

விமான நிலையம். வாசலில் திரும்பிப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். அக்காவும் அமெரிக்கா போன அன்று இதே மாதிரித்தான், கையை உயரத் தூக்கி.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஒடியல் மாப் பை பாதி கிடக்கிறது. "இதை என்ன செய்யிறது?" என்று ஜெசி கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

நாளைக்கு: மருந்துக் கடை. முழங்கால் மருந்து. பாண் இரண்டு. ஒன்று தின்ன, ஒன்று காயப் போட.