அம்மா போடும் பெருக்கல் குறி

பழங்காநத்தம் விடுதி, மதுரை,
14.8.1981

அன்புள்ள அய்யாவுக்கு,

சோலையம்மாள் வணங்கி எழுதுவது. நான் சுகம், விடுதிச் சோறு பழகிவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

நேற்று ஆய்வகத்தில் வேதிவினையின் வேகத்தை அளந்தோம். தாளில் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் குடுவையை வைத்து, தெளிந்த கரைசலில் அமிலத்தை ஊற்றினோம். கரைசல் பால்போலக் கலங்கி, குறி மறைய எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். சுடவைத்த கரைசலில் இன்னும் சீக்கிரம் மறைகிறது.

மறைந்ததும் நான் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். என்னோடு சேர்ந்து செய்த பத்மாசினி கடிகாரத்தை நிறுத்துவாள். எழுதத் தெரியாத அம்மா உங்கள் கடிதங்களின் அடியில் போடுவதும் அதே குறிதானே? அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்ல மறந்துவிட்டேன்.

"ஏ சோலை, மறைஞ்சு எம்புட்டு நேரமாச்சு! குடுவைக்குள்ள சினிமாவா ஓடுது?" என்றாள் பத்மாசினி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அய்யா, கடைசி இரண்டு கடிதங்களில் அம்மாவின் குறி இல்லை. இடம் போதாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இம்முறை அடியில் கொஞ்சம் இடம் விடுங்கள். அம்மாவால் எழுந்து உட்கார முடியாவிட்டால் படுத்தபடியே போடட்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. தபாலில் வேண்டாம், இரண்டு நாள் ஆகிறது. இக்கடிதத்தைக் கொண்டுவரும் சோணை மாமா நாளை வெற்றிலைக் கட்டோடு மறுபடி மதுரை வருகிறார், அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
சோலையம்மாள்