ஒன்பதுக்கு முன்னால் நான் போட்ட ஒன்று

அனுப்புநர்
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
வாரத் தாளின் பிழைதிருத்துநர் (ஊதியமில்லாப் பணி),
நடுநிலைப் பள்ளி.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
பள்ளிக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: நடுநிலைப் பள்ளி, வடக்கு வரிசையின் மூன்று வகுப்பறைகளில் சூடேற்றும் குழாய்கள் வேலை செய்யாமை – வாரத் தாளில் வெப்பநிலை தவறாக வெளியானது – தவறு செய்தவர் மீது புகார் – குழாய்களை இக்குளிர்காலப் பழுதுபார்ப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தலைமையாசிரியையின் விண்ணப்பம், நாள்: டிசம்பர் 2.
2. தங்கள் அலுவலகத்தின் பதில் கடிதம், நாள்: ஜனவரி 19.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் யார் மீது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது தங்களுக்கு வசதியாக இருக்கும். என் மீதுதான். இப்பள்ளியில் முப்பத்தோராண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றேன். சென்ற ஆண்டு முதல் வியாழக்கிழமைதோறும் வந்து, மாணவர்கள் தயாரிக்கும் வாரத் தாளைப் பிழைதிருத்திக் கொடுக்கிறேன். வீட்டில் இருந்தாலும் வியாழக்கிழமை வரத்தான் செய்கிறது என்பதால் ஒப்புக்கொண்ட வேலை இது.

2. வாரத் தாள் என்பது இரண்டு பக்கம். அந்த வாரம் பள்ளியில் நடந்தவை, வருகைப் பதிவு, காணாமல் போன பொருள்கள், கடைசி வரியில் வகுப்பறை வெப்பநிலை ஆகியவை அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஒரு நகல் தங்கள் அலுவலகத்துக்கு வரும். இதை எழுதுபவள் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி. மூச்சு விடும் இடத்திலெல்லாம் காற்புள்ளி வைப்பாள் என்பதால் பள்ளி முழுவதும் அவளைக் 'கமா' என்றே அழைக்கிறது. அவளும் அப்படியே கையெழுத்திடுகிறாள்.

3. இந்தக் குளிர்காலத்தில் கமா எழுதியவற்றிலிருந்து சில உதாரணங்கள் தருகிறேன். நவம்பர் மூன்றாம் வாரம்: மைதானத்தில் பனி உறைந்துவிட்டதால் திங்கள் காலைக் கூட்டம் தாழ்வாரத்தில் நடந்தது. நான்காம் வாரம்: காணாமல் போன பொருள்கள் பெட்டியில் பதினொரு கையுறைகள் சேர்ந்தன, பதினொன்றும் இடது கைக்கானவை, வலது கையுறைகளைத் தொலைத்தவர்கள் வேறு பள்ளியில் தேடவும். டிசம்பர் முதல் வாரம்: நூலகத்தில் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவினர் அனைவரும் மிகத் தடிமனான புத்தகங்களையே எடுத்தனர். நூலகர் பூரித்துப்போய்க் காரணம் கேட்டாராம். "மடியில வெச்சா கதகதன்னு இருக்கு மிஸ். படிக்கல்லாம் இல்ல" என்று ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்டானாம்.

4. இவற்றையெல்லாம் படித்து நான் சிரித்தேன் என்று எழுதினால் அது பொய். ஒற்றுப் பிழைகளைப் பார்த்தேன். "எழுதுறப்ப விரல் மரத்துப் போவுது" என்று ஒரு வாரம் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதை அடித்து, "எழுதும்போது விரல்கள் மரத்துப்போகின்றன" என்று மேலே எழுதினேன். வாக்கியம் சரியாயிற்று. அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

5. இனி வெப்பநிலை பற்றி. அலுவலக அறையில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. ஆண்டாண்டு காலமாக வாரத் தாளில் வருவது அதன் அளவுதான். அதை அங்கே ஆணியடித்து மாட்டியவனும் நானே. தாழ்வாரத்தில் இருந்தபோது இரண்டு முறை பந்து பட்டு உடைந்தது. எனவே பந்து வராத இடமாகப் பார்த்து, ஹீட்டருக்கு நான்கடி தள்ளி மாட்டினேன். அது எந்தக் குளிரிலும் பதினெட்டு, பத்தொன்பது என்றே காட்டும். உடல்நிலை எப்படி என்று கேட்டால் எப்போதும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லும் உறவினரைப் போன்றது அது.

6. இந்த ஆண்டு அறிவியல் ஆசிரியர், செய்முறைப் பயிற்சிக்காக ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குத் தனியாக ஒரு வெப்பமானி கொடுத்திருக்கிறார். அவர்கள் அறை வடக்கு வரிசையில் கடைசி. அங்கே குழாய்கள் நவம்பர் முதலே குளிர்ந்து கிடக்கின்றன. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரை எல்லோரும் 'பாய்லர் அண்ணன்' என்பார்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தெக்குப் பக்கம் தோசை சுடலாம் சார், வடக்குப் பக்கம் ஐஸ் வெக்கலாம். நடுவுல ஒரு வால்வு செத்துப் போச்சு. நான் பாய்லர் பாக்குறவன், புது வால்வு பெத்துப் போட முடியுமா?" தலைமையாசிரியை டிசம்பர் 2 அன்று தங்களுக்கு விண்ணப்பித்தது இந்த வால்வுக்காகவும் மூன்று அறைகளின் குழாய்களுக்காகவுமே.

7. கமா தன் அறை வெப்பமானியைப் பார்த்து எழுதத் தொடங்கியது எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நவம்பர் 20 அன்று அவள் கொடுத்த தாளில் கடைசி வரி: "வெப்பநிலை, 9." நான் ஆசிரியர் அறையில், ஹீட்டர் ஓரமாக, தேநீர்க் கோப்பையுடன் இருந்தேன். பிள்ளை அவசரத்தில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். 9-க்கு முன்னால் 1 போட்டேன். காற்புள்ளியையும் எடுத்தேன்.

8. அடுத்த வாரம் 8 என்று வந்தது. 18 ஆக்கினேன். அதற்கடுத்த வாரம் 9. அப்போது அவள் என் மேசை அருகிலேயே நின்று கேட்டாள்: "ஐயா, நான் பாத்தது தப்பா, நீங்க போட்டது தப்பா?" நான் சொன்னேன்: "ஏம்மா, ஒம்பது டிகிரியில உக்காந்து யாராவது பாடம் படிப்பாங்களா? நீ என்ன பிரிட்ஜுக்குள்ளயா படிக்கிற?" ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஓவிய ஆசிரியர், "கமா, கதவ சாத்திட்டுப் போ, குளிர் உள்ள வருது" என்றார். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

9. அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஓரிலக்க எண்ணையே எழுதினாள். நானும் ஒவ்வொரு வாரமும் முன்னால் 1 போட்டேன். ஏழு தாள்களின் விவரம்:

நவம்பர் 20: அவள் எழுதியது 9, நான் ஆக்கியது 19.
நவம்பர் 27: 8, 18.
டிசம்பர் 4: 9, 19.
டிசம்பர் 11: 7, 17.
டிசம்பர் 18: 8, 18.
ஜனவரி 8 (விடுமுறைக்குப் பின்): 6, 16.
ஜனவரி 15: 8, 18.

10. வகுப்பறை வெப்பநிலை 16-க்குக் கீழே போனால் அவசரப் பழுது என்பது தங்கள் அலுவலக விதி. கட்டடமே உறைந்து கிடந்த ஜனவரி 8 அன்றுகூட என் ஒன்று அந்த அறையைச் சரியாக விதியின் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. ஏழு தாள்களையும் கூட்டி வகுத்து, "சராசரி ஏறத்தாழ 18 டிகிரி, அவசரம் ஏதுமில்லை, அடுத்த குளிர்காலத்தில் பரிசீலிக்கப்படும்" என்று தாங்கள் பதில் எழுதியதில் தங்கள் பிழை எதுவும் இல்லை. கணக்கைச் சரிபார்த்தேன். மிகச் சரியாக வகுத்திருக்கிறீர்கள். அதே கடிதத்தில், அறைகள் பத்து டிகிரிக்குக் கீழே இருப்பதாக மிகைப்படுத்தி எழுதியது ஏன் என்று தலைமையாசிரியையிடம் விளக்கமும் கேட்டிருக்கிறீர்கள். அவர் உள்ளதைத்தான் எழுதினார். வாரத் தாளில் வருவது பழையபடி அலுவலக அறையின் அளவு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். திருத்திய தாள் அவர் மேசைக்குப் போகாமல் நேராக நகலுக்குப் போவதே இங்கு வழக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியரின் சிவப்பு மைக்கு மேல் ஒரு பார்வை எதற்கு என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

11. தங்கள் பதிலை ஜனவரி 20 அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பிள்ளைகள் படித்தார்கள். ஜனவரி 22, வியாழக்கிழமை, கமா எட்டாவது தாளைக் கொண்டுவந்தாள். கடைசி வரியில் "வெப்பநிலை 19" என்று இருந்தது. காற்புள்ளிகூட இல்லை. திருத்த எதுவுமில்லாததால் ஓரத்தில் "நன்று" என்று எழுதி முதலெழுத்து இட்டேன்.

12. மறுநாள் தமிழாசிரியை காய்ச்சலில் விடுப்பு எடுத்ததால், ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு ஒரு பாடவேளை போகும்படி தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற பின் அந்த அறைக்குள் நான் போனது அதுவே முதல் முறை. சொல்வதெழுதுதல் வைத்தேன். முப்பத்தொரு பிள்ளைகளும் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு வாக்கியம் சொன்னதும், பேனாக்களை அக்குளில் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு எழுதினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்தது போலத் தெரியவில்லை. பழகிப்போயிருந்தது. இடைவேளை மணி அடித்ததும் சத்தமில்லாமல் வரிசை எண்படி நின்று தெற்கு வரிசைக்குப் போனார்கள். அங்குள்ள குழாயில் ஆளுக்கு இருபது எண்ணும் வரை கை வைக்கலாமாம். "எண்ணுறத வேகமா எண்ணாதடா, ஏமாத்துக்காரா" என்று ஒருவன் கத்தியது மட்டும் கேட்டது.

13. கமா போகவில்லை. முன் பெஞ்சில் இருந்தாள். அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் சிவந்து, கணுக்களில் வீங்கியிருந்தன. சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தேன். 8. "ஏம்மா, நேத்து பத்தொன்பதுன்னு எழுதியிருந்தியே?" என்றேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டால் சொல்வது போலவே சொன்னாள்: "எப்படியும் நீங்க ஒண்ணு போடத்தானே போறீங்க ஐயா. அதான் நானே போட்டுட்டேன்."

14. ஐயா, முப்பத்தோராண்டுகளில் நான் எத்தனையோ மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதக் கூடாது என்று ஒருத்திக்குக் கற்பித்தது இந்த ஏழு வாரங்களில்தான். அதற்கு "நன்று" என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

15. சமாதானமாக அல்ல, விவரமாக ஒன்றைப் பதிவு செய்கிறேன். சென்ற குளிர்காலத்தில் என் மனைவி காலமானார். அன்றிலிருந்து எனக்குச் சூடும் குளிரும் சரியாகத் தெரிவதில்லை. நரம்பில் கோளாறு இல்லை என்கிறார் மருத்துவர். அந்த அறையில் ஒரு மணி நேரம் நின்றபோதும் எனக்குக் குளிரவில்லை. பிள்ளைகளின் மூச்சு புகையாக வருவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட ஒருவரிடம் வெப்பநிலையைச் சரிபார்க்கும் வேலை இருக்கக் கூடாது. தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "சார், இத எழுத்துல குடுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

16. எட்டு தாள்களின் மூலப் படிகளும் இத்துடன் உள்ளன. ஏழில் நான் போட்ட ஒன்றை நானே அடித்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். எட்டாவதில் "நன்று" என்பதை அடித்திருக்கிறேன். அதிலுள்ள 19-ஐத் தொடவில்லை. அதை மாற்றும் உரிமை எழுதியவளுக்கே உண்டு. அவளிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நிஜமாவா ஐயா? அடிச்சிரலாமா?" என்று இருமுறை கேட்டு, பிறகு தன் கையால் அடித்து, அன்று பார்த்தபடி 8 என்று எழுதினாள். அந்த மை அவளுடையது.

17. பழுதுபார்ப்புப் பட்டியல் ஜனவரி 30, வெள்ளிக்கிழமையுடன் முடிவடைகிறது. அதில் இடம்பெறாவிட்டால் இப்பிள்ளைகள் இந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த அறையில்தான் இருப்பார்கள். அடுத்த குளிர்காலத்தில் குழாய் சூடாகும்போது அவர்கள் எட்டாம் வகுப்பில், தெற்கு வரிசையில் இருப்பார்கள். எனவே தங்களிடம் கேட்பவை: பட்டியல் முடியும் முன் ஒரு நாள் காலை முதல் மணிக்குத் தங்கள் அலுவலர் ஒருவர் நேரில் வர வேண்டும். அலுவலக அறை வெப்பமானியைப் பார்க்காமல், வடக்கு வரிசையின் கடைசி அறைக்கு வந்து, கமாவின் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். கையுறையைக் கழற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தாலும் போதும். தலைமையாசிரியையிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும். அந்த விளக்கத்தைத் தர வேண்டியவன் நான், இம்மனுவே அது. என்னைப் பிழைதிருத்தும் பணியிலிருந்து விடுவித்ததாக ஒரு வரி எழுதினால், அதை வாரத் தாளில் வெளியிட ஏற்பாடு செய்கிறேன். அதற்குத் தலைப்பு வைக்கும் பொறுப்பும் கமாவுடையது.

18. இம்மனுவை நான் பிழைதிருத்தவில்லை. எழுதியபடியே அனுப்புகிறேன். கடைசி வரியை மட்டும் வெப்பமானியைப் பார்த்து எழுதும்படி அவளைக் கேட்டுக்கொண்டேன்.

விரைவில் ஆவன செய்வீர்கள் என்று எதிர்பார்த்து,

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

இடம்: வடக்கு வரிசை, கடைசி அறை
நாள்: ஜனவரி 27, செவ்வாய், காலை முதல் மணி

இணைப்பு: வாரத் தாள்கள், எட்டு.

இன்றைய, வெப்பநிலை, 7.
(கமா)