கொசுவலைக் கதவின் இரு பக்கம்

3 ஜூன், திங்கள்

பாபினை இன்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முதலிபாளையத்திலிருந்து அனுப்பர்பாளையம் வரை ஆட்டோவில், வயர்கூடைக்குள் உட்கார்ந்து ஒரே கத்தல். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

கல்யாணம் முடிந்து பதினெட்டு நாள். அதுவரை என் பழைய அறைத்தோழி ராமுத்தாய்தான் அவனைப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் செய்த நான் கொண்டுவந்த சீர்: ஒரு தையல் மெஷின், ஒரு செம்பட்டைப் பூனை.

இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை உண்டு. பெயர் அம்மிணி. வயது பதின்மூன்று. என் வீட்டுக்காரருடைய முதல் மனைவி அனுசுயா குட்டியிலிருந்து வளர்த்தது. அனுசுயா போய் நான்கு வருஷம் ஆகிறது.

கூடையைத் திறந்ததும் பிரிட்ஜ் மேலிருந்து அம்மிணி ஒரு சீறல். பாபின் கட்டிலுக்கு அடியில் போனவன்தான். அடுத்த சீறல் எனக்கு. நான் என்ன செய்தேன்?

"பழகிக்குமுங்க," என்றார் இவர். எந்தப் பூனை என்று கேட்கவில்லை. ஒருவேளை என்னைச் சொன்னாரோ.

4 ஜூன், செவ்வாய்

காலையில் சமையல்கட்டில் இருந்தேன். கூடத்திலிருந்து இவர், "அம்மிணி, பால் குடிச்சியா கண்ணு?" என்றார்.

இந்தப் பக்கம் பெண்களையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆனால் இவர் என்னிடம் இதுவரை இப்படிப் பேசியதே இல்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "குடிச்சிட்டேங்க," என்றேன்.

பிறகு கதவோரம் வந்து நின்றார். "உங்களையில்லீங்க... பூனையைக் கேட்டனுங்க."

பூனைக்குக் கண்ணு. எனக்கு ங்க.

6 ஜூன், வியாழன்

அம்மிணி என் செருப்பில் மூத்திரம் போயிருக்கிறது. வலது செருப்பில் மட்டும்.

9 ஜூன், ஞாயிறு

இவர் போனில் ஒரு டாக்டரின் வீடியோ பார்த்தார். இரண்டு பூனையையும் ஒரேயடியாகச் சேர்க்கக் கூடாதாம். தனித்தனி அறை. முதலில் வாசனை, பிறகு பார்வை, பிறகுதான் மற்றதெல்லாம்.

பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக் அல்லவா. பார்த்த உடனே அளவு டேப்பை எடுத்துவிட்டார். படுக்கையறை வாசலுக்குச் சட்டம் அடித்து, கொசுவலை இழுத்துக் கட்டி, கொக்கி போட்டு, சாயந்தரத்துக்குள் கதவு தயார். திறந்து மூடி, திறந்து மூடி, கீல் சத்தம் கேட்டு எண்ணெய் வேறு விட்டார்.

அறை எனக்கும் பாபினுக்கும். கூடம் அம்மிணிக்கு. ஆனால் அம்மிணி இவர் காலடியில் படுத்தால்தான் தூங்குமாம். பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

இருபத்து நாலு நாள் ஆன புருஷன். கொசுவலைக்கு அந்தப் பக்கம். ராமுத்தாயிடம் போனில் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

11 ஜூன், செவ்வாய்

வாசனை மாற்றும் வேலை. நான் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து பனியன் துண்டு இரண்டு கொண்டுவந்தேன். இவர் ஒன்றால் பாபினைத் துடைத்து அம்மிணி தட்டுக்குக் கீழே வைத்தார். அம்மிணி மோந்து பார்த்தது. பின்னங்காலில் உட்கார்ந்து, எதையோ மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டு எழுந்து போனது.

அம்மிணி வாசனைத் துணியில் பாபின் படுத்துத் தூங்கிவிட்டான். இவனுக்கு மானம் ரோஷம் கிடையாது.

13 ஜூன், வியாழன்

இவருக்கு நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேச்சு வராது. வலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் வருகிறது. இன்று சாப்பிட்டு முடித்து, கதவுக்கு இரண்டு பக்கமும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். முதன்முறையாக அனுசுயாவைப் பற்றிச் சொன்னார்.

"அவ போன பொறகு ஒரு மாசம் இந்த அம்மிணி ஊடு பூரா தேடுச்சுங்க. ஒவ்வொரு ரூமா போகும். நானும் பின்னாலயே போவனுங்க."

"சட்னி போடவா?" என்றேன். "சாப்புட்டாச்சுங்களே," என்றார்.

முட்டாள் நான்.

16 ஜூன், ஞாயிறு

கதவைத் திறந்தது நான்தான். ஒரு வாரம் ஆயிற்றே, இரண்டும் வலையோரம் உட்கார்ந்து அமைதியாகத்தானே பார்த்துக்கொண்டிருந்தன என்று கொக்கியை எடுத்தேன். பாபின் நேரே போய் அம்மிணி மூஞ்சியில் மூஞ்சியை வைத்தான்.

அப்புறம் எது எந்தப் பூனை என்றே தெரியவில்லை. மிக்ஸி ஜார் விழுந்தது. காலண்டர் விழுந்தது. இவர் நடுவில் கையை விட்டார், கை கிழிந்தது. கத்தினார்:

"அனு, கதவைச் சாத்து!"

சாத்தினேன். பாபினை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்தான் சாத்தினேன்.

இவர் சொன்னதை இவரே கேட்டுவிட்டார். முகத்தைப் பார்த்தேன்.

17 ஜூன், திங்கள்

நான் எதுக்கு இங்க வந்தேன்? அவ வீடு, அவ பூனை, அவ அடுப்பு. நேத்து வரைக்கும் ஒண்ணும் தோணல. இப்ப டம்ளரைத் தொட்டாக்கூட அவ டம்ளருன்னு தோணுது.

கோபம் இவர் மேல் இல்லை. இத்தனை வருஷம் வாயில் இருந்த பேர் வரத்தான் செய்யும். ஆனாலும்—

18 ஜூன், செவ்வாய்

சொல்லிவிட்டேன். "பாபினை ராமுத்தாய்கிட்டயே விட்டுருதேன். பெரிய பூனை பாவம், வயசான காலத்துல."

இவர் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பாபின் மட்டும் போறானுங்களா? இல்ல... நீங்களுமுங்களா?"

நான் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க," என்றார். அவ்வளவுதான்.

19 ஜூன், புதன்

பதினாறு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். ஆயிரம் பீஸில் ஒரு தையல் விட்டிருந்தால் கண்ணில் படும். இது எப்படி இத்தனை நாள் படவில்லை?

அம்மிணி மீனை இடது பக்கம் மட்டும் மெல்லுகிறது. நடுவில் ஒரு துண்டு வாயிலிருந்து விழுந்தது. தலையைச் சாய்த்தது. தரையில் ஒரு சொட்டு எச்சில், லேசாகச் சிவப்பு. கன்னத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனேன், பிறாண்டிவிட்டது. வலது கன்னத்துக்குக் கொண்டுபோனால் மட்டும்.

இவர் தினமும் மடியில் வைத்திருக்கிறார். ஆனால் முகத்தைத்தான் பார்க்கிறார், வாயைப் பார்ப்பதில்லை.

20 ஜூன், வியாழன்

லீவு சொல்லிவிட்டேன். இவர் வேலைக்குப் போனதும் அம்மிணியைத் துண்டில் சுற்றினேன். எழுதுவதற்கு எளிது. இரண்டு கையிலும் முழங்கை வரை கோடு. கடைசியில் என் பழைய நைட்டிக்குள் தலையணைக்கு உறை போடுவதுபோல் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, பூனை டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்படிம்மா இவ்ளோ நாள் தாங்குச்சு?" என்றார். பின்பல் சொத்தையாகி ஈறெல்லாம் சீழ். வலி இருந்தால் யார் கிட்டே வந்தாலும் சீறத்தான் செய்யுமாம்.

இத்தனை நாளும் பொறாமை என்று நினைத்தேன். விசுவாசம் என்று நினைத்தேன். செத்துப்போன எசமானிக்காக என்னை வெறுக்கிறது என்று ஒரு நாள் முழுக்க அழுதேன். பல்வலி!

மயக்க ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். சீட்டு எழுதுகிற பெண், "பூனை யாருதுங்க?" என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து என் பெயரைச் சொன்னேன்.

சாயந்தரம் இவர் வந்தார். என் கையைப் பார்த்தார், மடியில் மயக்கத்தில் கிடந்த அம்மிணியைப் பார்த்தார். "என்னாச்சு வேலு? உனக்கென்ன ஆச்சு?" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ங்க இல்லை. வேல்விழி என்று என் முழுப்பெயரும் இல்லை, வேலு.

பல்லைத் தாளில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெனமும் தூக்கி வெச்சிருந்தேன். எனக்குத் தெரியலயே," என்றார்.

"எனக்கும் நேத்துதான் தெரிஞ்சுது," என்றேன். "பாபின் எங்கயும் போகல. நானும் போகல."

எழுந்து போய் என் கைக்கு மருந்து எடுத்துவந்தார்.

27 ஜூன், வியாழன்

அம்மிணி இரண்டு பக்கமும் மெல்லுகிறது. இன்று கதவைத் திறந்தோம். இவர் கையில் கனமான போர்வை, என் கையில் தண்ணீர்க் குவளை. பாபின் மறுபடியும் மூஞ்சியைக் கொண்டுபோனான், புத்தி கெட்டவன். அம்மிணி ஒரே ஒரு அறை கொடுத்தது. நகம் இல்லாத அறை. பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டது.

போர்வையோடும் குவளையோடும் நாங்கள்தான் அசடாக நின்றோம்.

30 ஜூன், ஞாயிறு

பாய் கூடத்திலிருந்து அறைக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

14 ஜூலை, ஞாயிறு

பின்வீட்டுப் பழனியம்மாள் மத்தியானம் வாசலில் வந்து நின்றார். மொட்டை மாடியில் சல்லடை போட்டு மூடிக் காயவைத்த நெத்திலிக் கருவாடு பாதியைக் காணோமாம்.

"சல்லடையைத் தூக்கி நவுத்தியிருக்குதுங்க. ஒண்ணு தூக்கிப் புடிக்காம இன்னொண்ணு எடுக்க முடியாது. உங்கூட்டுப் பூனைங்கதானுங்க!"

இவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார். "எங்கூட்டுதுங்களா? அதுக ரெண்டுக்கும் ஆகவே ஆகாதுங்க. ஒண்ணைக் கண்டா ஒண்ணு கொல்லப் பாக்கும். பாருங்க," என்று கைத் தழும்பைக் காட்டினார். "சேந்து எப்படிங்க திருடும்?"

பழனியம்மாள் தழும்பைப் பார்த்து யோசித்தார். என் பின்னால், கட்டிலுக்கு அடியில், இரண்டு வாய் மொறுமொறுவென்று மெல்லுகிற சத்தம். நான் சத்தமாக இருமினேன். முந்தானையை விரித்து வாசலை மறைத்து நின்று, "உள்ள வாங்கக்கா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்," என்றேன், ஒரு அடிகூட நகராமல்.