கடைசி கேன் கறுப்பு

மை டியர் நைனா,

இந்த 'மை' இங்கிலீஷ் மை இல்லை, நீ வடிகட்டி வைத்த மை. இப்படி ஆரம்பித்தால் "கடிக்காதடி" என்று சொல்ல நீ இருக்க வேண்டும். இல்லாததால் கடித்துக்கொண்டே போகிறேன்.

போன புதன்கிழமை வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் ஒயிட்னர் தின்னரைத் திறந்தாள். மூடி கழன்றதும் அந்த வாசனையில் நம் பேனர் கடை அப்படியே பிளஸ் டூ வகுப்புக்குள் வந்து நின்றது. ஃபிளெக்ஸ் ரோல்கள், நடுவில் அந்தப் பெரிய மெஷின், அதன் ஓரத்தில் குந்திக்கொண்டு வேஸ்ட் இங்க் டேங்கைக் கழற்றுகிற நீ. நான் டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "ஏண்டி, தின்னர் கண்ணுல பட்டுடுச்சா?" என்று அவள் பயந்துபோய் மூடியைத் தேடினாள். நான் அழுது அந்த வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. அழவைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நம் மெஷினுக்கு ஒரு பழக்கம் உண்டே. ஒவ்வொரு பேனருக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு கலரையும் துப்பும். துப்பவிடாமல் பிரிண்ட் போட்டால் முகத்தில் கோடு கோடாக விழும். துப்பினது எல்லாம் கீழே டேங்கில் கலந்து கறுப்பாகிவிடும். காதுகுத்து, கல்யாணம், கருட சேவைக்கு மோர்ப் பந்தல், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றின் மிச்சமும் ஒரே டப்பாவில். மற்ற கடைக்காரர்கள் அதைக் கால்வாயில் ஊற்றினார்கள். நம் தெருக் கால்வாய் நேராக வேகவதியில் போய் விழுகிறது. நீ ஊற்ற மாட்டாய்.

"இந்த ஆத்த நிறுத்த நம்மூரு பெருமாளே குறுக்கால படுத்தாரு. ஒரு டப்பா மைய நான் நிறுத்த மாட்டனா?" என்பாய்.

"படுத்துக்கினே நிறுத்தலாம்னா நானும் நிறுத்துவேன் நைனா."

"படுக்கறதுன்னா மட்டும் உனுக்கு பக்தி வந்துடும்."

பழைய வேட்டித் துணியில் அதை வடிகட்டி, பேனர் கட்டுகிற சவுக்குக் கம்புகளின் அடியில் முழங்கை உயரத்துக்குப் பூசிக் காயவைப்பாய். மண்ணில் நட்டால் கரையான் கிட்டே வராது. வாசனை வீட்டுக்குள் வருகிறது என்று அம்மா கத்துவாள். "கலர் கலரா சம்பாதிச்சிட்டு கறுப்ப மட்டும் தெருவுல வுடச் சொல்றியா?" என்று நீ திருப்பிக் கேட்பாய். அவள் ஜன்னலைச் சாத்துவாள்.

அந்த மார்கழிக் காலையை எப்படி மறப்பது? தறி நெய்கிற பக்கத்து வீட்டுப் பெரியப்பா, தறியில் ஏற்றவேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார். சந்தன நிறம், யாருக்கோ முகூர்த்தப் புடவை. ஆண்டாள் வேஷம் போடுகிற பிள்ளைகளின் பேனரை நேரத்தோடு கட்டவேண்டும் என்று நீ ரெண்டு கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பாவோரமாக நடந்தாய். பனியில் மை காய்ந்திருக்கவில்லை. கம்பின் அடி பாவில் பட்டு, ஒரு முழத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. திரும்பினால் மறுபடியும் படும், இறக்கினால் பாவின் மேலேயே விழும். அசையாமல் நின்றாய். நான்தான் பின்னால் ஓடிவந்து ஒவ்வொரு கம்பாக உருவினேன். அன்றைக்கு எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

பெரியப்பா கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கறைபட்ட இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் புது இழை முடிந்து சேர்க்க அந்த வீடே சாயந்தரம் வரைக்கும் உட்கார்ந்தது. நீ சோறு தின்னாமல் அவர்கள் வாசலில் நின்றாய். கடைசியில் அவர் சொன்னது ஒன்றுதான். "இந்தக் கருமாந்திரத்த இனிமே என் வாசப் பக்கம் கொண்டாராதப்பா."

அதற்கப்புறம் நீ அப்படித்தான் நடந்துகொண்டாய். தெருவில் பாவு இருந்தால், பேனருக்குப் பார்ட்டி போனில் கத்தினாலும் சரி, "பாவு சுருட்டட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவாய்.

ஆவணியில் ஒரு மத்தியானம் ஃபிளெக்ஸ் ரோலைத் தூக்கின நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்குள் முடிந்துபோயிற்று என்றார்கள். நான் ஸ்கூலில் எவளுடைய டிபன் பாக்ஸையோ ஒளித்துவைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கண்ணீர் அஞ்சலியை நான்தான் பிரிண்ட் போட்டேன், நைனா. வேறு கடையில் கொடுக்கலாம் என்றார்கள். உன் மெஷின் இருக்கும்போது எதற்கு? கல்யாணம் ஒன்றில் நீ வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற போட்டோதான் கிடைத்தது. முதல் தடவை கன்னத்தில் சிவப்பு அதிகமாகி, நீ வெட்கப்படுகிற மாப்பிள்ளை மாதிரி வந்தாய். ரெண்டாம் தடவை நெற்றியில் கோடு. மெஷினைத் துப்பவிட்டேன். நிறைய துப்பியது. மூணாம் தடவைதான் நீ நீயாக வந்தாய். நீ மை பூசின கம்பிலேயே உன்னைக் கட்டி நிறுத்தினோம்.

கடையை நடத்த அம்மாவால் முடியவில்லை. நான் படிக்கவேண்டும் என்கிறாள். போன வியாழக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து மெஷினை எடுத்துப்போக ஆள் வந்தார். டேங்கில் இருந்ததை ஒரு கேனில் இறக்கி என் முன்னால் வைத்தார்.

"வண்டியில சிந்திடும் பாப்பா. கால்வாய்ல ஊத்திட்டு வந்துடு."

அம்மாவும், "ஊத்திடுடி. இனிமே யாருக்கு பேனரு, எதுக்கு கம்பு?" என்றாள்.

நியாயம்தான். ஆனால் உன் முகம் தெளிவதற்காக மெஷின் துப்பினது அதில் இருந்தது. நீ ஒரு சொட்டுகூட விடாத கால்வாயில் அதை நான் எப்படி ஊற்றுவேன்? கேனைக் கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னல் எங்கள் எல்லாரையும் பார்த்தது.

பெரியப்பா அவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். "அத்த இன்னாமா பண்ணப் போற?"

"குடிக்கப் போறேன் பெரியப்பா."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "தறிக் குழிக்குள்ள நட்டு வச்ச மரக் காலு ரெண்டையும் கரையான் தின்னுட்டுது. புதுசு நடணும். அடியில பூச எனுக்குக் குடுப்பியா?"

அம்மா பதறிப்போனாள். "அண்ணே, பட்டு நெய்யற எடம்ணே. நீங்கதானே வாசப் பக்கமே..."

"பாவ சுருட்டி உள்ள வச்சிட்டேன்மா. காயற வரைக்கும் தறியில உக்கார மாட்டேன்." கேனை என் மடியிலிருந்து வாங்கினார். "அவன் கம்பு ஒண்ணு கூட அரிச்சு நான் பாத்ததில்ல. அவன் இருந்தப்பவே கேட்டிருக்கணும்."

துணியில் வடிகட்டி, அவர் வீட்டுப் பின்கட்டில் புதுத் தறிக் கால்களுக்கு ரெண்டு பேரும் பூசினோம். பிரஷ் போதவில்லை. நான் கையாலேயே பூசினேன். கேனைக் கவிழ்த்து, ஒட்டியிருந்ததையும் துணியால் துடைத்துத் தடவினோம். கால்வாய்க்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, காய்ந்துவிட்டதா என்று அவர் வெள்ளைத் துண்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. பெரியம்மா உன் கறுப்பின்மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். கால்கள் குழிக்குள் இறங்கின. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இன்றைக்குக் காலையில் ரெகார்டு நோட்டைக் கொடுக்கப் போனேன். மிஸ் என் நகங்களைப் பார்த்துவிட்டார். எத்தனை தடவை தேய்த்தும் ஓரங்களில் கறுப்பு அப்படியே இருக்கிறது.

"என்னது இது, மருதாணியா? ஸ்கூலுக்கு வர்ற கையா?"

"மருதாணி இல்ல மிஸ். எங்க நைனா."

நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிற வகுப்பு அது. ஒருத்தி கூடச் சிரிக்கவில்லை. மிஸ் என் கையைப் பிடித்து, நோட்டை வாங்கிக்கொண்டு, "போய் உக்காரும்மா" என்றார்.

இப்படிக்கு,
உன் வாயாடி