செவலைப் பாலும் மஞ்சள் காப்பும்

நேற்று என் மகன் முரளி கடையிலிருந்து ஒரு பால் பெட்டி வாங்கி வந்தான், தன் மகளுக்கு. அவளுக்கும் அப்பன் வயிறுதான், பால் பட்டால் போச்சு. இந்தப் பெட்டியில் இருப்பதும் சாதாரண மாட்டுப் பால்தானாம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டார்களாம். பேத்தி ஒரு குவளை குடித்துவிட்டு விளையாட ஓடிப்போனாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அடுப்படியில் நின்றபடி எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று யோசித்தேன். உன்மேல்தான், அடியே.

சுங்கை ஆயர் தாவார் தோட்டத்து லயத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். விடியுமுன் நான் செம்பனைக்கு உரம் போடப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் லோரியோடு எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளையை உன்னிடம் விட்டுத்தான் போவேன். நீ செவலை மாட்டை வைத்துக்கொண்டு லயம் முழுக்கப் பால் ஊற்றினாய். முரளிக்குக் காசு வாங்காமல் ஊற்றினாய். அவனோ குடிக்கக் குடிக்க இளைத்தான். வயிறு உப்பி, கால்கள் குச்சியாகி, ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவிவிடுவது என்று கணக்கே இல்லாமல் போனது.

கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் அந்த மலாய் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இவனுக்குப் பால் செரிக்காது, எந்தப் பாலும் வேண்டாம். குழைந்த சோறு, கனிந்த வாழைப்பழம், அதோடு தயிர், மோர். தயிரில் நல்ல கிருமிகள் இருக்கின்றன, அவை பாலில் செரிக்காததைப் பாதி செரித்துவிடும், புண்பட்ட குடலையும் தேற்றும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றார். இன்னொரு முறை இப்படி வற்றிப்போனால் பிள்ளை தாங்கமாட்டான் என்றும் சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்து உன்னிடம் ஒப்பித்தேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாய்.

"பாலு ஆகாதாம், தயிரு ஆகுமாம். தயிரு என்ன மரத்துலயா காய்க்குது?"

டாக்டர் சொன்னார் என்பதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது? டின் பாலைத்தான் சொல்லியிருப்பார், உன் செவலையின் பாலைச் சொல்லியிருக்கமாட்டார் என்று நீயே தீர்ப்பும் எழுதிக்கொண்டாய். உன் முகம் சுருங்கியதை நான் பார்க்காமல் இல்லை. யாரும் குறை சொல்லாத பால் அது.

நீ ஒருத்தி என்றால் சமாளித்திருப்பேன். ஒல்லிப் பிள்ளை தெருவில் நடந்தால் லயத்துக்கே மானக்கேடு அல்லவா? ஒருத்தி பிஸ்கட்டைப் பால் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டுவாள். ஒருத்தி பாயசம் கொடுத்துவிட்டு, சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது என்பாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், கெஞ்சினேன். தலையாட்டினார்கள். மறுநாள் அவன் மறுபடியும் சுருண்டு கிடந்தான். அன்பாம் அன்பு! அந்த அன்பைத் தூக்கி ஆற்றில் போட்டால் என்ன என்று இருந்தது.

ஒரு நாள் மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது அவன் மேலுதட்டில் பாலாடை ஒட்டியிருந்தது. கத்தினேன். உன் மாட்டுப் பால் என் பிள்ளைக்கு விஷம் என்றேன். நீ குவளையைக் கழுவி வைத்தாய். அதன்பிறகு அவனை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டேன். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் டின் பால். மறுபடி ஆஸ்பத்திரி, கையில் ஊசி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கட்டிலோரம் உட்கார்ந்து நான் யாரைத்தான் திட்டவில்லை?

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். நீ வந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தாய். நான் பின்னால் ஓடி வந்து சேர்வதற்குள் பூசாரி அவன் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நீ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாய்.

"அம்மாவுக்கு நேந்திருக்கு. இவன் வாயில பாலு படக்கூடாது. எவளாச்சும் குடுத்தீங்க, அம்மா பாத்துக்குவா."

யாரோ மோர் ஆகுமா என்று மெதுவாகக் கேட்டார்கள். மோர் குளிர்ச்சி, அம்மாவுக்குப் பிடித்தது என்று யோசிக்காமல் சொன்னாய். முடிந்தது. அன்றிலிருந்து ஒருத்தியும் அவன் பக்கம் பால் கொண்டு வரவில்லை. நான் மாதக்கணக்கில் தொண்டை வற்றச் சொல்லி நடக்காதது ஒரு முழக் கயிற்றில் நடந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். வழியில் உன்னை மடக்கி, எப்போது நேர்ந்துகொண்டாய் என்று கேட்டேன்.

"இப்பத்தான்லா. நீ டாக்டர நம்பு, அவளுங்க அம்மாவ நம்பட்டும். புள்ள தேறுனா போதும்."

தினமும் தனிச் சட்டியில் அவனுக்கென்று உறை ஊற்றினாய். தீமிதி முடிந்தும் கயிற்றை அவிழ்க்கவிடவில்லை. இற்றுப்போனால் புதிதாகக் கட்டினாய். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவன் கன்னத்தில் சதை இருந்தது. ஆனால் உன் பாலை நான் விஷம் என்றதைப் பற்றி என்ன நினைத்தாய் என்று மட்டும் நீ சொன்னதே இல்லை. செவலை செத்தபிறகும் சொல்லவில்லை.

போன வருடம் உன் சாவு வீட்டில் எல்லோருக்கும் பால் தேத்தண்ணி கொடுத்தார்கள். முரளிக்கு ஒரு குவளை நீட்டியதும் நம் பழைய லயத்துக் கிழவி ஒருத்தி அதைப் பிடுங்கினாள். அவனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது என்றாள். நாற்பது வயதைத் தாண்டிய ஆளுக்கு! காப்பு இல்லை, குடல் என்று விளக்கினேன். கேட்டால்தானே. மறுநாள் உன் சாம்பலுக்குப் பால் ஊற்றும்போது உன் மகள்கள் செம்பை அவனிடம்தான் கொடுத்தார்கள். இவன் பாலைத் தொடலாமா என்று அதே கிழவி முணுமுணுத்தாள். அவன் காதில் வாங்காமல் குனிந்து, "குடிங்க அத்த" என்று மெதுவாக ஊற்றினான்.

நான் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அன்று சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. பெட்டி நேற்றுத்தானே வந்தது. அதில் இருப்பது முழுப் பால், அடியே. ஒரே ஒரு சர்க்கரையைத்தான் எடுத்திருக்கிறார்கள். உன் செவலையின் பாலில் ஒரு குறையும் இருந்ததில்லை. இதை உன்னிடம் சொல்ல வழியில்லையே என்றுதான் நேற்றிலிருந்து எரிச்சல். பெட்டி காலியாகிவிட்டது, தூக்கிப் போட மனம் வரவில்லை, அலசி அலமாரியில் வைத்திருக்கிறேன்.