முதலில் திறந்த பை

அன்புள்ள அம்மாவுக்கு ராக்கையா வணக்கத்தோடு எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஒடிசாவில் இந்த நிலக்கரிச் சுரங்க வாசலில், வேலை முடிந்து வருகிறவர்களின் பையைச் சோதிப்பதுதான் என் காவல் வேலை. முதல் நாள் எனக்குக் கை கூசியது. அதைக் கவனித்த எங்கள் காவல் அதிகாரி துலாரி அக்கா, வரிசைக்கு முன்னால் வந்து தன் பையைத் திறந்து, "முதலில் என்னுடையதைப் பார்" என்றார். தினமும் அப்படித்தான். அவருக்குப் பிறகு யாரும் முகம் சுளிப்பதில்லை.

தங்கச்சியிடம் சொல்லி, நீ பேசுவதைப் போனில் பதிந்து அனுப்பு. எதைப் பேசினாலும் சரி.

வேலைக்குச் சுரங்கச் சங்கு ஊதிவிட்டது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடிந்து சாயங்காலம் ஜீப்பு ஏறும் முன், "ஒத்தக் காய் இல்லண்ணே, பாத்துக்கங்க" என்று வாட்ச்மேனிடம் மடியை உதறிக் காட்டுவாயே. உனக்கு முன்னால் தன் பையைத் திறந்து காட்ட அங்கே ஒரு மேனேஜரும் இருந்ததில்லையே, அம்மா.

ராக்கையா